கரையில் வலிக்காத கால்

என் வீட்டுக்காரரின் காலுக்குள் ஒரு தகடு இருந்தது. எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம் அதை வைத்தார்கள். எடுத்துவிடுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் ஓடியது. அந்தப் பேச்சில் எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. காலுக்குச் சொந்தக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருந்தது எங்கள் குப்பம். அவரும் என் அண்ணனும் ஒரே கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போவார்கள். அண்ணன் பின்னால், இவர் முன்னால். அன்று வாடைக் காற்று எழும்பி, அலை கரையில் மடங்கி மடங்கி விழுந்துகொண்டிருந்தது. நான் கூடையோடு மணலில் நின்றிருந்தேன். மரம் அலை மேல் ஏறி நேராகத்தான் வந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்து பக்கவாட்டில் திரும்பிவிட்டது. இருவரும் குதித்தார்கள். அடுத்த அலை மரத்தைத் தூக்கி அவர் காலின் மேல் போட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அலைச் சத்தத்தில் அதெல்லாம் கேட்டிருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன்.

எலும்பு இரண்டாகி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கட்டுக் கட்டுகிற வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என் கைக்கு அடங்காது, செங்கல்பட்டுக்குக் கொண்டு போங்கள் என்றுவிட்டார். ஐஸ் பெட்டி ஏற்றிப் போகிற லாரியில், மீன் வாடையோடு வாடையாக அவரைக் கிடத்திக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் காலைத் திறந்து, தகடு வைத்து, திருகாணி முடுக்கி, திரும்ப மூடினார்கள். எட்டாவது வரை படித்தவள் என்பதால் கையெழுத்துப் போடுகிற வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாம் கைநாட்டுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டில் கடல் சத்தம் கிடையாது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கொசுக்கடியில், யார் யாரோ முனகுகிற சத்தத்துக்கு நடுவில், நான் கல்யாணமான பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். குப்பத்தில் அவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நான் தூங்கியதே இல்லை. படுத்துக்கொண்டு அலையைக் கேட்டபடி இருப்பேன். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கால் உடைந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படித் தூங்குகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுநாளும் தூங்கினேன்.

ஊருக்கு வந்து, கம்பு ஊன்றி, பிறகு கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்தார். அடுத்த வெயில் காலத்துக்குள் கால் நன்றாகிவிட்டது. நடந்தார், குந்தினார், சைக்கிள்கூட மிதித்தார். கடற்கரை ஓரத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை கொடுத்தார்கள். காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். மேலே சோப்பு வாசனை அடிக்கும். மீனவன் பெண்டாட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் அவரால் முடியவில்லை. முட்டி போட முடியாது. தகடு முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேலேயே இருந்தது. அங்கே சதை கிடையாது, வெறும் தோல்தான். தடவினால் திருகாணித் தலைகள் விரலில் தட்டுப்படும். முட்டி போட்டால் அந்தத் தலைகள் எலும்புக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வீட்டில், ரோட்டில், தோட்டத்தில் ஒரு மனிதன் எதற்கு முட்டி போடப்போகிறான்? ஆனால் கட்டுமரத்தில் வேறு வழி கிடையாது. முட்டி போட்டு, கெண்டைக்காலின் மேல் உட்கார்ந்துதான் துடுப்புப் போட வேண்டும். உட்காரப் பலகை கிடையாது, சாய இடம் கிடையாது. அவருடைய கால் கரையில் வலிக்காது, கடலில் மட்டும் வலிக்கும். எனக்கென்றே செய்து வைத்த தகடு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கரையிலேயே இருந்துவிட்டது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அந்த ஆளுக்கும் இவனுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் வந்து நடுவீட்டில் குந்திக்கொண்டான்.

“தோ பாரு தங்கச்சி, மச்சான் கால்ல கீற இரும்ப மொதல்ல எடுக்கணும்.”

“இன்னாத்துக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு கீது.”

“இரும்ப வெச்சிக்கினு எப்பிடிம்மா கடலுக்கு வருவான்? நம்ம மரத்துல ஒரு ஆணி கீதா, சொல்லு. முச்சூடும் கயிறு. இன்னாத்துக்கு? ஆணி அடிச்ச பொருளு உப்புத்தண்ணில நிக்காது. துரு ஏறிடும். துரு ஏறிச்சின்னா சுத்தி கீற மரமும் சேந்து பூடும். எலும்பு மட்டும் நிக்குமா?”

இந்தப் பேச்சு வெளியே போனதும் குப்பமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆயுள் முழுவதும் இரும்பைக் கடல் தின்பதைப் பார்த்தவர்கள். அரிவாள், வாளிப் பிடி, கதவுக் கீல் எதுவும் எங்கள் ஊரில் இரண்டு மழைக்குத் தாங்காது. அப்படியிருக்க, மனுஷன் உடம்பில் ஓடுவதும் உப்புத்தான், வேர்வையை நக்கிப் பார்த்தால் தெரியாதா என்றார்கள். பெண்கள் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தழும்பு சிவப்பாக இருக்கிறதே, அது துருதான் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குனிந்து முகர்ந்தே பார்த்தாள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வீட்டுக்காரரைப் பார்த்து, “துரு ஏறாம இருக்கணும்னா சுறா எண்ணெய் தடவுங்க மாமா. மரத்துக்கு அத்தத்தான தடவறீங்க” என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. கிண்டலாகச் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அன்று முதல் தினமும் சாயங்காலம் தகடு இருக்கிற இடத்தில் சுறா எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. விடுதியில் அவர் தண்ணீர் ஊற்றுகிற பக்கம் விருந்தாளிகள் நாற்காலி போடுவதில்லை என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். நான் வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “நீதான சொன்ன” என்பார்.

ஒரு வருஷம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்ததால், கார்த்திகை முடிகிற சமயம் செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டர் இளவயசுக்காரர், பொறுமைசாலி. வேட்டியை ஒதுக்கிக் காலைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னய்யா தடவியிருக்கே?”

அவர் சுவரைப் பார்த்தார். நான்தான் மரம், ஆணி, துரு, எண்ணெய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது துருப்பிடிக்காத இரும்பும்மா. உங்க வீட்டு எவர்சில்வர் தட்டு துருப்பிடிக்குதா?” என்றார். எங்கள் வீட்டில் இருந்தது அலுமினியத் தட்டு. இருந்தாலும் புரிந்தது.

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. தகடு இனிமேல் தேவையில்லை, ஆனால் இருந்தாலும் குற்றமில்லை என்றார். “தொந்தரவு இல்லேன்னா ஆயுசுக்கும் அப்படியே விட்டுடலாம். தொந்தரவு பண்ணுச்சின்னா எடுத்துடலாம். எடுக்கிறதும் ஆபரேஷன்தான், மறுபடி மயக்க மருந்து, கத்தி, எல்லாம் உண்டு. திருகாணி இருந்த ஓட்டையெல்லாம் தூர்ந்து வர மூணு நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் காலைப் பொத்திப் பொத்தி வெச்சிக்கணும். சொல்லுங்க, தொந்தரவு இருக்கா?”

“ஒண்ணும் இல்ல சார்” என்றேன் நான்.

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் வேட்டியைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். “அவசரமில்லை. பொங்கல் கழிச்சு வாங்க. யோசிச்சு சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, நமக்கு எதற்கு அந்த வேலை என்றேன். அண்ணனுடைய துரு ஞானத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, “இப்பல்லாம் நீ நல்லா தூங்கற” என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் கேட்டது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. தொந்தரவு இருக்கா என்று அவர் காலைப் பற்றிக் கேட்டார். ஆனால் கால் எங்கே இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில். கரை என்றால் இல்லை. கடல் என்றால் இருக்கிறது. ஆக, உன் புருஷன் இனிமேல் எங்கே இருக்கப் போகிறான் என்றுதான் அந்த மனிதர் தெரியாமல் கேட்டுவிட்டார். நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை அப்போது.

தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலை, விடுதிச் சமையல்கட்டுக்கு மீன் கொண்டுபோனேன். பின்பக்கமாகப் போனால் மணல்வெளி தெரியும். அங்கே விருந்தாளிகள் உட்கார்ந்து காற்று வாங்குவதற்காக ஒரு பழைய கட்டுமரத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். மேனேஜர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கையில் ஒரு துடுப்பைக் கொடுத்து, மரத்தின் மேல் ஏறிக் காட்டச் சொன்னார். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஏறினார். முட்டி போட்டார். வெள்ளைக்காரர் படம் எடுத்தார். அந்த அம்மாள் கையைக் கூப்பிக் கும்பிட்டாள். பிறகு மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

அவர் இறங்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். கடலைப் பார்த்தபடி, காய்ந்த மணலில் கிடந்த மரத்தின் மேல் முட்டி போட்டு, துடுப்புப் போட ஆரம்பித்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பல்லைக் கடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. தாங்காதபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நல்ல காலுக்குப் பாரத்தை மாற்றி, திரும்பவும் நேராக உட்கார்ந்து போட்டார். துடுப்பின் நுனி மணலைத் தொடாமல், தண்ணீரில் போகிற அளவுக்கே காற்றில் போய் வந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. அவர் பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வெள்ளைக்காரர் மேல், மேனேஜர் மேல், இவர் மேல், எதிரில் ஒன்றும் தெரியாதது போல் கிடந்த கடல் மேல். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்து, கூப்பிடாமல் சவுக்குத் தோப்பு வழியாகத் திரும்பிவிட்டேன். மீனை விற்கவில்லை. வீட்டில் உப்புப் போட்டுக் காய வைத்தேன்.

சாயங்காலம் வந்தபோது தழும்பின் மேல் தோல் கிழிந்து வீங்கியிருந்தது.

“இன்னா மாமா இது?”

“கொழாய்ல இடிச்சிக்கினேன்.”

மஞ்சள் அரைத்துப் போட்டேன். அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

அந்த நாட்களில் நான் நிறைய யோசித்தேன். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. விடுதியிலிருந்து வரும்போது பூ வாங்கி வருவார். குடிக்கவில்லை, சண்டை போடவில்லை, கடல் பக்கம் கையைக் காட்டிப் பெருமூச்சுகூட விடவில்லை. விட்டிருந்தால் நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஆள் உயிரோடு இருக்கிறார், அது போதாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போதும் என்றுதான் பதில் வந்தது. மறுபடி கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. ஆனாலும் மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

அண்ணன் வந்து, “இன்னா முடிவு பண்ணீங்க?” என்றான். “டாக்டரைக் கேட்டு சொல்றோம்” என்றேன். டாக்டர் எங்களைக் கேட்டிருந்தார் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து போனோம். அன்று அவர் எண்ணெய் தடவவில்லை, புது வேட்டி கட்டியிருந்தார். டாக்டர் காலைத் தடவிப் பார்த்தார். காயம் ஆறியிருந்தது.

“சரி, என்ன முடிவு? தொந்தரவு ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல சார். நல்லா கீது. அப்பிடியே இருக்கட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை மாதமாக இதில் வாயைத் திறக்காத மனிதர், அன்று தெளிவாக, சத்தமாகச் சொன்னார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. யாருக்காகச் சொன்னார் என்றும் தெரிந்தது.

டாக்டர் சீட்டை இழுத்து எழுதப் போனார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது, பேசாமல் இருந்தால் போதும். நான் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும், அதையும் அவரே வாயால் கொடுத்துவிட்டார்.

“முட்டி போட்டா வலிக்குது சார்” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். “யாருக்கு?”

“இவருக்குத்தான்.”

“தோட்ட வேலைக்கு எதுக்கும்மா முட்டி போடணும்?”

“தோட்டத்துக்கு இல்ல சார். கடலுக்கு.”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொன்னதை மாற்றிச் சொல்லியிருப்பேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “என்னய்யா இது? நீ இல்லைங்கிற, உன் சம்சாரம் இருக்குங்கறாங்க. எதை நான் எழுதறது?”

வெளியே கூடத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, என் பக்கம் கையைக் காட்டி, “அதுக்குத் தெரியும் சார்” என்றார்.

நான்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை பயத்தில் எதுவும் தெரியாமல் போட்டேன். இந்த முறை எல்லாம் தெரிந்து போட்டதால் எழுத்து கோணிவிட்டது.

மாசியில் தகட்டை எடுத்தார்கள். கழுவி, பஞ்சில் சுற்றி எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு புள்ளி துரு இருந்தால் அவன் மானம் தப்பியிருக்கும். “தேச்சிட்டு குடுத்திருப்பானுங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு அந்த மூன்று நான்கு மாதமும் நான் அவரைச் சுள்ளி பொறுக்கக்கூட விடவில்லை. ஓட்டை தூர வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி மிரட்டினேன். உண்மையைச் சொன்னால், அது சீக்கிரம் தூர்ந்துவிடக் கூடாது என்றும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. ஆனால் எலும்புக்கு என் ஆசை தெரியாது. மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இனி என்ன வேலை வேண்டுமானாலும் செய்யலாம் என்றுவிட்டார்கள். அவர் காக்கிச் சட்டையைத் துவைத்து, மடித்து, விடுதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் இருவரும் போனார்கள். நான் கரைக்குப் போகவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, தேவையில்லாமல் நிறைய சோறு வடித்தேன். அழவும் இல்லை. வெயில் ஏறிய பிறகு மரம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். நடந்துதான் போக வேண்டும் என்று நினைத்து, பாதி தூரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் ஈரக் கோவணத்தோடு மணலில் நின்றுகொண்டிருந்தார். முட்டிக்குக் கீழே மரம் அழுத்திய வரிகள் சிவப்பாக இருந்தன. “பாரு, ஒண்ணும் வலியே இல்ல” என்று காலைத் தூக்கிக் காட்டினார். நான் அழ ஆரம்பித்தேன். கூடை கையில் இருந்தது, அதைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

“அதான் வந்துட்டனே, இப்ப இன்னாத்துக்கு அழுவுற?” என்றார்.

போகும்போது அழாதவள் வந்த பிறகு அழுகிறாளே என்று அண்ணன் சிரித்தான். அவன் சிரிக்கட்டும். கால் உடைந்த நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. இந்த முகம் இருக்கும்வரை இவர் நாளைக்கும் போவார், அடுத்த நாளும் போவார். அதற்குத்தான் அழுதேன்.